பன்னிரண்டு நிமிடம்

புந்தா அரேனாஸில் இன்று காற்று
தெருமுனைக் கயிற்றைப் பிடித்தவர்களை மட்டும் நடக்கவிட்டது.
ஐந்து மணிக்கே இருட்டு.
நகராட்சி நூலகத்தின் கீழ்த்தளத்தில்
ஏழு கணினி. ஒன்று இருமும்.
ஹீட்டர்மேல் காயும் கையுறைகளில்
நனைந்த ஆட்டு வாடை.

புதன்கிழமைக்கு எனக்கு இங்கே சம்பளம்.
என்ன வேலையென்று வாடகை வாங்க வந்த
எடெல்மிரா அம்மாள் கேட்டபோது
"பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கிறேன்" என்றேன்.
அதற்குப் பிறகு அவர்
முன்பணத்தில் கறாராகிவிட்டார்.

முதல் வாரம்
கட்டை கட்டையாய் ஒரு வெற்று உலகம்,
புல், கல், தண்ணீர், அவ்வளவே.
ஃப்ரேசியா கோபுரம் எழுப்பினாள்.
ஈவோ அதன் அடியிலேயே சுரங்கம் தோண்டினான்.
ரயேன் நாற்பத்திரண்டு ஆடுகளை ஓர் அறையில் அடைத்து
கதவு வைக்க மறந்தாள்.
ஹெய்தியிலிருந்து வந்து எட்டு மாதமான ஜொனேல்
(ஹோனெல் இல்லை, ஜொனேல், ஐந்து முறை திருத்தியிருக்கிறான்)
எல்லாவற்றின் மேலும் எரிகுழம்பை ஊற்றினான்.
அழுகை. ஒரு கையுறை பறந்து
என் காப்பியில் விழுந்தது.

இரண்டாம் வாரம் காகிதத்தில் ஒரே விதி எழுதி ஒட்டினேன்:
அடுத்தவர் கட்டையை உடைக்குமுன் கேள்.
"கேட்டுவிட்டு உடைக்கலாமா?"
என்றான் ஈவோ.
யோசித்தேன். தலையாட்டினேன்.
அந்த ஓட்டைக்குள்தான் விளையாட்டு முளைத்தது.

எரிகுழம்பு இனிக் கடிகாரம் என்று முடிவாயிற்று.
"மெல்ல, மெல்ல" என்று
ஜொனேல் உள்ளங்கையை மேசையிலிருந்து உயர்த்திக் காட்டினான்.
அது ஏறிவருவதற்குள்
ஆடுகளைக் கோபுர உச்சிக்கு ஓட்டவேண்டும்.
எத்தனை ஆடு? ஐந்தா, ஒன்பதா?
இரண்டு புதன் இதிலேயே போனது.
வாக்கெடுத்தால் இரண்டுக்கு இரண்டு.
என்னைப் பார்த்தார்கள்.
எனக்கு ஓட்டு இல்லை என்றேன், உண்மையில்
எனக்கு விடையும் தெரியாது.
ரயேன்தான் சொன்னாள்:
"யாராவது விளையாடித் தோற்கட்டும், அப்புறம் பேசலாம்."

இன்று நீரிணையைத் தாண்டி, போர்வெனீரிலிருந்து
காற்றால் இரண்டு மணி நேரம் தாமதமான படகில்
மூன்று பிள்ளைகள் வந்து இறங்கினார்கள்,
முகம் பச்சையாக.
செய்தவர்களுக்கு இன்று வேறொரு விதி:
பன்னிரண்டு நிமிடம் வாய் திறக்கக் கூடாது.
சுட்டிக் காட்டக் கூடாது. இருமிக் காட்டவும் கூடாது.
ஃப்ரேசியா தன் இரண்டு கைகளின்மேலும் உட்கார்ந்துகொண்டாள்.

தொமேனிகா, எட்டு வயது, நாற்காலியில் கால் எட்டவில்லை.
ஆடுகளைப் பார்த்தாள்.
கோபுரத்தின் பக்கம் திரும்பவேயில்லை.
ஏணி அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது,
பதினொரு நாள் ஏணி,
ஒவ்வொரு படிக்கும் ஒரு விளக்கு.
ஈவோ மூக்கால் மட்டும் மூச்சுவிட்டான்.

எரிகுழம்பு ஏறியது.
தொமேனிகா ஆடுகளை விட்டுவிட்டு
தரையைத் தோண்டத் தொடங்கினாள்,
ஒரு கட்டை, இரண்டு, மூன்று,
கீழே பொத்துக்கொண்டது
எல்லோரும் மறந்துபோன ஈவோவின் சுரங்கம்.
செங்குழம்பு முழுவதும் கிணற்றில் விழும் வாளிபோல்
அதற்குள் இறங்கிவிட்டது.
மேலே ஒன்பது ஆடும் புல் மேய்ந்தன.

அவள் திரும்பி, பொதுவாக யாரிடமோ கேட்டாள்:
"அந்தக் கோபுரம் எதுக்கு?"

இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.
ஃப்ரேசியா என்னைப் பார்த்தாள்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
இருமும் கணினி இருமியது.

நேரம் முடிந்ததும் மூன்று பேர் ஒரே மூச்சில் கத்தினார்கள்:
ஓட்டையை அடை! பாறை வை! அது ஏமாற்று!
ஜொனேல் மட்டும் மேசையைத் தட்டி
ஸ்பானிய மொழியில் முதன்முறையாக
வினைச்சொல் சேர்த்து ஒரு வாக்கியம் சொன்னான்:
"அடைக்காதே. எங்கே போகிறதென்று பார்ப்போம்."

சற்று நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு ஃப்ரேசியா
கைகளைத் தொடைக்கடியிலிருந்து உருவி,
மரத்துப்போன விரல்களை உதறி,
சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்துவிட்டு
மற்ற மூவரிடமும் கேட்டாள்:
"கோபுரத்தை உடைக்கலாமா?"

"பாதி" என்றான் ஈவோ.
"ஆடுகளைக் கேள்" என்றாள் ரயேன்.
ஐந்தா ஒன்பதா என்பதை யாரும் எடுக்கவில்லை.
படகு காத்திராது என்று வாசலில் ஒருவர் கத்த,
தொமேனிகா ஒரு கையை மேலங்கிக்குள் விட்டபடி
மறு கையால் இன்னும்
தோண்டிக்கொண்டிருந்தாள்.